சம்மனர் கிளாஸ்: பூதத்தை அழைக்கும் முன் கடிகாரத்தைப் பாருங்கள்

[திரை: மேசையைச் சுற்றி ஐந்து பேர். ஒருவர் முன்னால் மட்டும் எட்டு ஓநாய்ப் பொம்மைகள்.]

எட்டு ஓநாய்கள். ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் 2014ஆம் ஆண்டு விதிகளின்படி, 5ஆம் நிலையை எட்டிய டுரூயிட் (இயற்கை மந்திரவாதி) ஒருவர் 'கன்ஜ்யூர் அனிமல்ஸ்' என்ற ஒரே மந்திரத்தால் இத்தனையையும் களத்தில் இறக்கிவிடலாம். என் மேசையில் நண்பர் ஒருவர் அதைத்தான் செய்தார். ஓநாய்க்கு ஒரு கடி. கூட்டமாகத் தாக்கும் ஓநாய்க்குச் சாதகம் உண்டு என்பதால், ஒவ்வொரு கடிக்கும் இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டிப் பெரிய எண்ணை எடுக்க வேண்டும். ஆக, 16 உருட்டல்கள். பட்ட கடிகளுக்குச் சேதம் தனியாக. கடிபட்டவன் தரையில் விழுந்தானா என்று பார்க்க மறுபடியும் பகடை. ஃபைட்டராக (வாள்வீரராக) ஆடிய தோழியின் முறை வந்தபோது அவர் வாளை இரண்டு தடவை வீசினார், முடிந்தது. மறுபடியும் ஓநாய்கள்.

சம்மனர் என்பவர் வேற்றுலக உயிர்களை வரவழைத்துத் தன் சார்பில் போரிட வைப்பவர். அப்படி ஒரு கிளாஸை, அதாவது பாத்திர வகையை, நாமே வீட்டில் உருவாக்குவது எப்படி என்பதுதான் இந்த வீடியோ. இதில் நான் விடாப்பிடியாகச் சொல்லப்போவது ஒன்றுதான்: வரவழைக்கும் உயிருக்கான விலையைச் சம்மனர் மந்திரத்தால் மட்டும் கொடுப்பதில்லை, மேசையில் இருக்கும் மற்றவர்களும் தங்கள் நேரத்தால் கொடுக்கிறார்கள்.

[திரை: கணக்கு]

முதலில் பலத்தை எண்ணிப் பார்ப்போம். எதிரியின் கவச எண் 15 என்று வையுங்கள். ஓநாயின் தாக்குதல் எண்ணையும் கூட்டுவதால், பகடையில் 11 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கடி படும். சாதகத்தோடு அது 75 சதவீதம். ஒரு கடியின் சராசரிச் சேதம் 7. எட்டு ஓநாய்களுக்குச் சேர்த்து, சுற்றுக்கு 42. அதே 5ஆம் நிலையில், வலிமை 18 உள்ள ஃபைட்டர் பெருவாளை இரண்டு முறை வீசினால், தவறும் வீச்சுகளையும் கணக்கில் எடுத்து, சராசரி 14.3. கன்ஜ்யூர் அனிமல்ஸைப் போலவே மூன்றாம் படி மந்திரமான ஃபயர்பால் (நெருப்புப் பந்து) ஓர் எதிரிக்குத் தரும் முழுச் சேதம் சராசரியாக 28. அதுவும் ஒரே ஒரு தடவை. ஓநாய்களோ, மந்திரவாதியின் கவனம் கலையாத வரை ஒரு மணி நேரம் நிற்கும்.

விதிகளை எழுதியவர்களுக்கும் இது தெரிந்திருந்தது. 2020இல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் நூலில் 'சம்மன் பீஸ்ட்' போன்ற புதிய மந்திரங்கள் வந்தன. வருவது ஒரே ஓர் உயிர், அதன் எண்களுக்கு ஒரே ஓர் அட்டவணை. மந்திரத்தின் படி உயர உயர அதன் கவசமும் உயிர்ப்புள்ளியும் உயரும். சம்மனரின் முறை முடிந்த கையோடு அது நகரும். 2024 விதிப்புத்தகத்தில் கன்ஜ்யூர் அனிமல்ஸ் மந்திரமே மாறிவிட்டது: தனித்தனி விலங்குகள் போய், தொட முடியாத ஆவி விலங்குகளின் ஒரே கூட்டமாக அவை வருகின்றன.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விடை பாத்ஃபைண்டர் என்ற இதே வகை ஆட்டத்தில் இருக்கிறது. 2010இலேயே அதற்குச் சம்மனர் கிளாஸ் வந்துவிட்டது. ஐடலன் என்ற நிரந்தரத் துணையுயிருக்குப் புள்ளிகளைச் செலவழித்துக் கையும் சிறகும் நகமும் சேர்த்துக்கொண்டே போகலாம். ஆசையாக இருக்கும், கட்டுக்குள் நிற்காது. 2021இல் இரண்டாம் பதிப்புக்கு அந்தக் கிளாஸ் திரும்பி வந்தபோது, சம்மனருக்கும் ஐடலனுக்கும் உயிர்ப்புள்ளிகள் பொது என்றார்கள். செயல்களும் பொது. யாருக்கு அடி விழுந்தாலும் ஒரே உண்டியலிலிருந்துதான் கழியும். இருவரும் ஒரே தீயில் மாட்டினால் இரண்டு தடவை கழியாது. பெரிய தொகை மட்டும் கழியும்.

அந்த அழகான யோசனையை எங்கள் ஐந்தாம் பதிப்பு மேசைக்கு அப்படியே எடுத்துக்கொண்டேன். நான் எழுதிய சம்மனருக்கு ஒரே ஒரு பூதம். நிலை எவ்வளவு உயர்ந்தாலும் இரண்டாவது வராது. சம்மனரின் முறைக்குள்ளேயே பூதமும் ஆடி முடிக்க வேண்டும். ஒரு முறையில் கூடுதலாகக் கிடைக்கும் சிறு செயலான போனஸ் ஆக்‌ஷன் செலவழித்து ஏவினால் பூதம் அடிக்கும். ஏவாவிட்டால் நகர்ந்து, தற்காத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

[திரை: இரண்டு வரைவுகள், முதலாவதின் மேல் சிவப்புக் கோடு]

முதல் வரைவில் ஒரு தவறு செய்தேன். 5ஆம் நிலையில் ஃபைட்டருக்கு இரண்டாவது அடி கிடைக்கிறதே என்று பூதத்துக்கும் கொடுத்துவிட்டேன். அதே நிலையில் சம்மனர் வீசும் தீ மந்திரமான ஃபயர் போல்ட்டும் இரண்டு பத்து முகப் பகடையாக வளர்வதை மறந்தேன். பூதத்தின் ஓர் அடி, எட்டு முகப் பகடையோடு 4. தவறும் அடிகளையும் கணக்கில் எடுத்தால், இரண்டு அடிக்குச் சராசரி 11. ஃபயர் போல்ட்டுக்கு 7.2. கூட்டினால் 18.2. வாளைத் தவிர வேறெதையும் நம்பாத ஃபைட்டரின் 14.3ஐ, பூதத்தைக் கூட்டிக்கொண்டு தள்ளி நிற்கும் ஒருவர் தாண்டிவிட்டார். இரண்டாவது அடியை எடுத்துவிட்டேன். இப்போது 12.7. களத்தில் கூடுதலாக ஓர் உடல் நிற்பதற்கு இந்தக் குறைவு நியாயமான விலை.

பொது உயிர்ப்புள்ளியின் பலன் போருக்கு வெளியில்தான் கூடுதலாகத் தெரிந்தது. இறந்தாலும் இழப்பில்லை என்னும் உயிரை வைத்துக்கொண்டு ஆடுபவர் எல்லாப் பொறிகளின் மேலும் அதை நடக்கவிடுவார். இருட்டுத் தாழ்வாரமா, ஓநாயை அனுப்பு. விஷக் கதவா, ஓநாயைத் திறக்கச் சொல். மேசையில் ரோக் ஆடுபவர் பொறிகளைக் கண்டுபிடிக்கவே பாத்திரம் உருவாக்கியிருப்பார். அவருக்கு வேலையே இல்லாமல் போகும். பூதத்தின் காலில் குத்தும் ஈட்டி சம்மனரின் உயிர்ப்புள்ளியையும் குறைக்கும் என்றால், கதவின் முன்னால் கை தானாகத் தயங்குகிறது. 'நீ பார்க்கிறாயா?' என்று ரோக்கைத் திரும்பிப் பார்த்துக் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வி வேண்டும்.

நீங்கள் எழுதும் கிளாஸைச் சோதிக்கும்போது சேதத்தோடு நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 1, 5, 11 ஆகிய நிலைகளில் தலா ஒரு சண்டை போதும். சம்மனரின் முறை மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்கு நீண்டால், எண்கள் எவ்வளவு சமமாக இருந்தாலும் அந்த விதியை வெட்டுங்கள்.

[திரை: மேசை மறுபடியும். ஓநாய்கள் இல்லை. ஒரே ஒரு பொம்மை.]

கடைசியாக ஒரு விதி. இது எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுத்ததல்ல. பூதத்துக்குப் பேச்சு உண்டு. ஆனால் அதைப் பேசுபவர் சம்மனர் அல்ல, அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர். போரில் ஏவுவது சம்மனர். முகாமில் தீ மூட்டி உட்கார்ந்ததும் குரல் அடுத்தவருடையது. எங்கள் ஆட்டத்தில் அந்த நாற்காலியில் இருந்தவர் வாள் வீசிவிட்டுக் காத்திருந்த அதே தோழி. முதல் இரவிலேயே பூதம் தன் எஜமானிடம், 'என்னை ஏன் அழைத்தாய்?' என்று கேட்டது. சம்மனரிடம் தயாரான பதில் இல்லை. அன்று சண்டையே நடக்கவில்லை. பகடைகள் பைக்குள்ளேயே கிடந்தன.