லோ பி ஏன் தொளதொளன்னு இருந்துச்சு? 600 ரூபா போச்சு மக்களே

வணக்கம் மக்களே, மொதல்ல ஹெட்போன மாட்டுங்க. மாட்டிட்டீங்களா? போன தடவ மாதிரி "அண்ணா பேஸே கேக்கல"னு கமெண்ட்ல வராதீங்க, லோ பி வந்து அஞ்சு கம்பி பேஸ் கிட்டார்ல ஆகத் தடியான, சுருதி ஆகக் கீழ இருக்கற கம்பி, 31 ஹெர்ட்ஸ், ஃபோன் ஸ்பீக்கருக்கு அவ்ளோ கீழ எறங்க வக்கில்ல, நான் என்ன பண்றது.

சரி, நம்ம கருப்பனுக்கு, அதான் என் பேஸ் கிட்டாருக்கு, புது ஸ்ட்ரிங் போட்டேன்ல, அஞ்சு கம்பி செட்டு 2,850 ரூபா. அதே கம்பெனி நாலு கம்பி செட்டு 1,900. அப்ப அந்த ஒத்த கம்பிக்கு 950 ரூபா! பி மட்டும் தனியா குடுங்கன்னா இல்லையாம். கடைல நின்னு மனசுக்குள்ள கழிச்சு கழிச்சு பாக்குறேன், எப்படி கழிச்சாலும் 950தான் வருது.

போட்டாச்சு. மத்த கம்பி ஜி, டி, ஏ, ஈ நாலும் கணீர்னு இருக்கு, பி மட்டும் ஈரத்துணிய ஒதறுன மாதிரி தொப்பு தொப்புங்குது. ஓப்பன்ல, அதான் எங்கயும் புடிக்காம அடிச்சா, டியூனர் சுருதி சரின்னு பச்ச காட்டுது, பன்னெண்டாவது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க பதிச்ச மெட்டல் கோடு) புடிச்சா வேற எங்கயோ நிக்குது. ஒரு எடத்துல செட்டப்புக்கு குடுத்தேன், எங்கன்னு கேக்காதீங்க, கழுத்துக்குள்ள இருக்கற ட்ரஸ் ராட திருப்பி ஆக்‌ஷன (ஃப்ரெட்டுக்கு மேல கம்பி நிக்கற உயரம்) ஏத்தி 600 வாங்கிட்டு, "34 இஞ்ச் ஸ்கேல்ல லோ பி இப்படித்தான் தம்பி, 35 இஞ்ச் வாங்குங்க"ங்கறாரு. ஸ்கேல்னா கம்பி அதிர்ற நீளம், 35ல டென்ஷன் கூடும், அது உண்மதான், ஆனா இந்த பி இதே பேஸ்ல நல்லாத்தானே இருந்துச்சு? பழைய வீடியோல்லாம் சாட்சி.

நேத்து நைட்டு டார்ச் அடிச்சு பிரிட்ஜ் பக்கம் பாக்குறேன். சேடில, அதான் பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற எடத்த, தாண்டுன ஒடனே கம்பி நேரா போகல, மேம்பாலம் மாதிரி வளஞ்சு ஏறி அப்புறம்தான் எறங்குது. இது 130 கேஜ், தடி கம்பி, தானா மடங்காது. அப்ப அதிர்வு எங்க ஆரம்பிக்குதுன்னு கம்பிக்கே தெரியல. கட்ட வெரல சேடிலுக்கு முன்னாடி வச்சு ஒரு அமுக்கு. அவ்ளோதான்! சுருதி கொஞ்சம் எறங்குச்சு, திரும்ப டியூன் பண்ணேன், கழுத்து நுனில கம்பி உக்கார்ற நட்டு பக்கமும் ஒரு அமுக்கு, நாலாவது ஃப்ரெட்ட புடிச்சு அடிச்சேன், பீரோ கண்ணாடி கடகடன்னு ஆடுது. பக்கத்து ரூம்ல இருந்து அம்மா, "டேய், வாசல்ல லாரி எதுவும் நிக்குதா பாரு"ங்கறாங்க. 600 ரூபா வேல, செலவு ஒரு கட்ட வெரல்.

நாலாவது ஃப்ரெட் ஏன்னா அதான் லோ ஈ ஃபிளாட். எங்க சர்ச் கீபோர்ட் அண்ணனுக்கு எல்லா பாட்டும் ஈ ஃபிளாட்தான், அவர மாத்த முடியாது. நாலு கம்பில ஓப்பன் ஈயோட தரை முடிஞ்சிரும், அதுக்கு அரை படி கீழ இருக்கற ஈ ஃபிளாட்டுக்கு ஒரு ஆக்டேவ் (அதே சுரம், அடுத்த ஸ்தாயி) மேலதான் ஓடணும், பாட்டோட அடிவாரமே போயிரும். "நாலு கம்பி போதாதா"னு கேக்கற அண்ணன்களுக்கு பதில் இதான். 1965லயே ஃபெண்டர் அஞ்சு கம்பி பேஸ் விட்டாங்க, ஆனா எக்ஸ்ட்ரா கம்பிய கீழ பி-யா வைக்காம மேல் சுருதில சி-யா வச்சாங்க, 15 ஃப்ரெட் வேற. மேல யாருக்குய்யா வேணும்?

அய்யோ, ஒண்ணு விட்டுட்டேன், ஸ்ட்ரிங் மாட்டும்போது நீளத்த வெட்டறதுக்கு முன்னாடி மடக்கிருங்க, மடக்கின எடத்த தாண்டித்தான் வெட்டணும். மடக்காம வெட்டுனா உள்ள இருக்கற நடுக் கம்பி மேல இருக்கற சுத்து லூசாகி கம்பி செத்துரும், ரெண்டு வருஷம் முன்னாடி லைவ்லயே ஒண்ண கொன்னேன், பாத்தவங்களுக்கு தெரியும்.

மத்த கம்பி வாசிக்கும்போது பி சத்தம் போடாம மியூட் பண்றது எப்படின்னு கேட்டிருந்தீங்க. நான் கட்ட வெரல பிக்கப் (கம்பி அதிர்வ எடுக்கற காந்தம்) மேல வைக்கறதே இல்ல, பி மேலயே சாச்சு வச்சுக்குவேன், ஏ, டின்னு எறங்க எறங்க அதுவும் கூடவே நகரும். இல்லன்னா நீங்க ஜி அடிக்கும்போது பின்னாடி பி தனியா உறுமிட்டு கெடக்கும். இருங்க வாசிச்சே காட்டறேன்...

என்ன இது, சத்தமே வரல. ஆம்ப் ஆன்லதான் இருக்கு... அடச்சே, நைட்டு பூரா கேபிள ஜாக்லயே விட்டுட்டேன்! ஆக்டிவ் பேஸ்ல கேபிள் சொருகி இருந்தாலே உள்ள ஒம்பது வோல்ட் பேட்டரி ஓடிட்டே இருக்கும், ஏற்கனவே பழசு, போயிருச்சு. உங்களுக்கு எத்தன தடவ சொல்லியிருப்பேன் இத. இருங்க, கடைய சாத்தறதுக்குள்ள ஓடிட்டு வந்தர்றேன்.