கறுப்புக் கோட்டு இல்லாத சட்டப் படிப்பு

நேயர்களுக்கு வணக்கம். தொழிலாளர் சட்டத்தில் டிப்ளமோ படிப்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்து வக்கீலாக முடியாது. 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி, பார் கவுன்சிலில் பதிவு செய்யச் சட்டப் பட்டம் வேண்டும். டிப்ளமோ போதும், கோர்ட்டில் வாதாடலாம் என்று யாராவது ஆசை காட்டினால், கட்டணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, அப்புறம் எதற்கு இந்தப் படிப்பு? ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். வருகைப் பதிவு, பி.எஃப்., இ.எஸ்.ஐ., ஓவர்டைம், கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்று அங்கே புரளும் ஒவ்வொரு காகிதத்துக்குப் பின்னாலும் ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. வேலை தெரிந்தவர்கள் அங்கே நிறையப் பேர். அந்தப் பிரிவு தெரிந்தவர்கள்தான் குறைவு.

சூப்பர்வைசரோடு கைகலப்பு என்று ஒரு தொழிலாளியை சஸ்பெண்ட் செய்கிறார்கள். அதோடு முடிந்ததா? குற்றச்சாட்டை எழுத்தில் கொடுக்க வேண்டும், விளக்கம் கேட்க வேண்டும், உள்விசாரணை நடத்த வேண்டும். அதுவரை அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுப் பிழைப்பூதியச் சட்டப்படி முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், 180 நாள் வரை முக்கால், அதற்கு மேல் இழுத்தால் முழுச் சம்பளம். விசாரணையை ஆறப்போடும் நிர்வாகத்துக்கு இது உறைக்கும். இந்தக் கணக்கை முதல் நாளே மேலதிகாரியிடம் சொல்லத் தெரிந்த எச்.ஆர். ஊழியருக்கு அலுவலகத்தில் தனி மதிப்பு.

எதிர்ப்பக்கத்துக்கும் இந்தப் படிப்பு உதவும். தொழிலாளர் நீதிமன்றத்தில் தொழிலாளிக்காகச் சங்க நிர்வாகியே ஆஜராகலாம், வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. வக்கீல் வர வேண்டுமென்றால்தான் எதிர்த்தரப்பின் சம்மதமும் நீதிமன்ற அனுமதியும் தேவை. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் வைத்த ஏற்பாடு இது; அதன் இடத்தில் இப்போது வந்திருக்கும் புதிய சட்டத்திலும் இது தொடர்கிறது. என்னைக் கேட்டால், இந்த டிப்ளமோவை முதலில் படிக்க வேண்டியவர்கள் சங்கச் செயலாளர்கள்தான்.

சென்னையில் அரசு நடத்தும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில், வேலையில் இருக்கும் பட்டதாரிகளுக்கு வசதியாக வார இறுதி டிப்ளமோ உண்டு. தபால் வழியில் நடத்தும் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன. அரசு வேலையை நினைத்துச் சேர்கிறவர்கள், அந்தப் பதவியின் அறிவிப்பில் இந்தத் தகுதி இருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்துவிடுங்கள்.

எங்கே சேர்வதானாலும் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். 29 மத்தியத் தொழிலாளர் சட்டங்களைச் சுருக்கி நான்கு தொகுப்புகளாக்கி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு இப்போது ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. இன்னமும் எல்லோருக்கும் ஐந்து வருடம் என்றே பாடம் நடத்துகிற இடமாக இருந்தால், வேறு இடம் பாருங்கள். வணக்கம்.