நின்று பார்ப்பதற்குச் சம்பளம்

வணக்கம் நேயர்களே. இந்த ஸ்டூடியோவுக்குள் நுழைந்ததும் என் கண் நாற்காலியின் மேல்தான் போனது. கொஞ்சம் உயரம், எனக்குக் கால் தரையில் படவில்லை. ஓர் அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்கி, அதன்மேல் காலை வைத்துக்கொண்டுதான் இப்போது பேசுகிறேன். வேலை செய்யும் இடமும் கருவியும் மனிதனுக்குத் தோதாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. தொழில் புத்தி, மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா மலேசியாவின் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் 19 வருடம் ஆபரேட்டராக இருந்தார். தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் சரியாக ஒட்டியிருக்கின்றனவா என்று மைக்ராஸ்கோப் வழியே பார்க்கும் வேலை. ஷிப்ட் முடிந்து, பாலம் தாண்டி, பட்டர்வொர்த் வீட்டுக்குள் அவர் வரும்போதே கழுத்திலிருந்து கோடாலித் தைலம் மணக்கும். "குனிஞ்சு பாக்குற வேலை, கழுத்து வலிக்காம என்ன செய்யும்?" என்பார். இயந்திரப் பொறியியலில் பட்டம் வாங்கிய பிறகும் நான் அதை அப்படியே நம்பினேன்.

முதுகலை ஆய்வுக்குச் சேர்ந்தபோதுதான் ஹியூமன் ஃபேக்டர்ஸ் என்ற பெயர் காதில் விழுந்தது. தமிழில் மனிதக் காரணிப் பொறியியல் எனலாம். கருவி, இடம், வேலைமுறை ஆகியவற்றை மனிதனின் உடலுக்கும் கண்ணுக்கும் மறதிக்கும் தோதாக அமைக்கும் துறை. மறதியைச் சேர்த்தது வேண்டுமென்றேதான். மனிதன் மறப்பான், தடுமாறுவான் என்பதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொண்டு தொடங்குகிறது இது.

இதற்கு ஒரு பழைய கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, விமானி திடீரெனச் சக்கரத்தை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிறு தரையில் பட உட்கார்ந்துவிடும். விமானியின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அல்ஃபோன்ஸ் சப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் விமானி அறைக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்துக்கான சுவிட்சும் இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடான ஃபிளாப்புக்கான சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே மாதிரி இருந்தன. சக்கரச் சுவிட்சின் நுனியில் குட்டி ரப்பர் சக்கரம், மற்றதில் ஆப்பு வடிவத் துண்டு பொருத்தச் செய்தார். வைத்தியம் அவ்வளவுதான். இன்றைக்கும் பயணிகள் விமானத்தில் சக்கரத்துக்கான கைப்பிடியின் நுனி சக்கர வடிவில்தான் இருக்கிறது. 1947-இல் பால் ஃபிட்ஸ், ரிச்சர்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர்கள் விமானிகள் சொன்ன 460 பிழைகளைத் திரட்டிப் பார்த்தபோதும், இப்படிக் குழப்பும் அமைப்புகள்தான் திரும்பத் திரும்ப வந்தன.

இதையெல்லாம் படித்துவிட்டு, மைக்ராஸ்கோப் வேலை நடக்கும் ஒரு தொழிற்சாலையைப் பற்றிய என் முதல் கள அறிக்கையைப் பெருமையாக நீட்டினேன். ஆய்வு மேற்பார்வையாளர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?" இருபது நிமிடம். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு அங்கேயே மூன்று ஷிப்டும் நின்றேன். மைக்ராஸ்கோப்பின் கண்வில்லை உயரம் மாற்ற முடியாதது. குள்ளமான அக்காமார் நாற்காலியை ஏற்றிக்கொண்டு, தொங்கும் காலுக்குப் பேக்கிங் ஸ்பாஞ்சை அடுக்கியிருந்தார்கள். உயரமானவர்கள் கழுத்தைக் கூன வைத்திருந்தார்கள். என் அம்மா உயரமானவர்.

படிப்பு முடிந்தது. வேலை தேடினால், இந்தப் பெயரில் பதவிகள் மிகக் குறைவு. பாதுகாப்பு அதிகாரி, தர மேலாண்மை என்று வேறு பெயர்களுக்குள் ஒளிந்திருக்கும். 2017-இல் டோஷ், அதாவது மலேசியாவின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை, எர்கோனாமிக் (வேலை செய்யும் முறையால் உடலுக்கு வரும்) அபாய மதிப்பீட்டுக்கு வழிகாட்டி வெளியிட்ட பிறகு கதவு கொஞ்சம் திறந்தது. பினாங்கில் மருத்துவக் கருவித் தொழிற்சாலைகளும் உண்டு. அமெரிக்காவுக்குப் போகும் கருவி என்றால், இறுதிப் பயன்பாட்டுச் சோதனையில் ஒவ்வொரு வகைப் பயனரிலும் குறைந்தது 15 பேர் வேண்டும் என்பது அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் வழிகாட்டி. அந்தப் பதினைந்து பேர் தடுமாறுவதை உட்கார்ந்து குறிக்க ஆள் தேவை. சரி, தனியாகவே செய்து பார்ப்போம் என்று நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் சொந்தப் பெயரில் பதிவு செய்தேன். வருடத்துக்கு 30 வெள்ளி (ரிங்கிட்). வருமான வரிக்கு போராங் பி என்ற படிவம், ஜூன் 30-க்குள். சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியையும் சேமநிதியையும் நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். தாள் வேலை அவ்வளவுதான்.

கஷ்டம் விலை சொல்வதில் இருந்தது. பொட்டலம் கட்டும் சிறிய தொழிற்சாலை ஒன்றில் லேபிள் மாறி ஒட்டிவிடுகிறார்கள் என்று அழைத்தார்கள். "ஆளுங்களுக்குக் கவனம் போதல, ஒரு டிரெய்னிங் கொடுங்க" என்றார் முதலாளி. அறிக்கைக்கு இவ்வளவு என்று விலை சொன்னேன், பேரம் பேசினார், பார்க்கும் நாட்களைக் குறைத்து விலையை இறக்கினேன். ஒரு பகல் மட்டும் நின்றுவிட்டு, வெள்ளை லேபிள்களில் ஒன்றை வெளிர்மஞ்சள் ஆக்கச் சொன்னேன். அடுத்த மாதமும் லேபிள் மாறியது.

என் காசில் இரவு ஷிப்டுக்குப் போனேன். மின்சாரம் மிச்சம் பிடிக்கப் பாதி விளக்கை அணைத்திருந்தார்கள். மிச்சமிருந்த மஞ்சள் வெளிச்சத்தில் வெள்ளையும் வெளிர்மஞ்சளும் ஒன்றுபோலத் தெரிந்தன. "பகல்ல வந்து பார்த்தா என்னம்மா தெரியும்?" என்றார் ஒரு அண்ணன். சப்பானிஸ் கதையைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்! மறுநாளே ஒரு லேபிளின் மூலையை வெட்டச் சொன்னேன். கை தடவினாலே வித்தியாசம் தெரிந்தது.

அதிலிருந்து அறிக்கைக்கு நான் விலை போடுவதில்லை. நின்று பார்க்கும் நாளுக்குத்தான் போடுகிறேன், இரவு ஷிப்டும் சேர்த்து. "நின்னு பார்க்கிறதுக்கா காசு?" என்று சிலர் தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும். இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர்கள், பொறியியலோ உளவியலோ தாதியர் படிப்போ எதுவானாலும், முதல் விலைப்பட்டியலிலேயே இதைப் போட்டுவிடுங்கள். நான் ஒன்றரை வருடம் தாமதித்தேன்.

அப்புறம் இன்னொன்று, இதை அம்மா சொல்லச் சொன்னார். பிறர் நாற்காலியை அளக்கும் நான் அறிக்கை எழுதுவது சாப்பாட்டு மேசையில், மடிக்கணினிமேல் குனிந்து, நள்ளிரவு வரை. எனக்கு ஷிப்ட் மணி அடிக்க ஆளில்லை. இப்போது மருந்துக்கடைக்குப் போனால் அம்மா இரண்டு பாட்டில் கோடாலித் தைலம் வாங்கிவருகிறார்.

வணக்கம்.