சோபா அணிக்குச் சில வார்த்தைகள்

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், வெளியே கொட்டும் பனியிலும் விழாவுக்கு வந்து, சர்க்கரைப் பொங்கல் தீர்ந்துபோன பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் சிகாகோத் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். மணியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்க்கும் தம்பிக்குத் தனி வணக்கம்.

'பேஸ்பால் ஆட்டத்தின் சுகம் மைதானத்திலா, வீட்டுத் தொலைக்காட்சியிலா?' இதுதான் தலைப்பு. மைதானத்துக்காகப் பேச வந்திருக்கிறேன். நிறையக் குறிப்பு எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒன்று சொல்லிவிட்டுப் போனாரே, அதைக் கேட்டதும் குறிப்பை மடித்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

என்ன சொன்னார்? "மூணு மணி நேர ஆட்டம். அதுல பந்து ஓடுறது இருபது நிமிஷம்கூட இல்ல. மிச்ச நேரமெல்லாம் தொப்பியைச் சரி பண்றதும் எச்சில் துப்புறதும்தான். அந்த இருபது நிமிஷத்தை நான் சோபாவுல சாஞ்சுக்கிட்டே பார்த்துக்குவேன். இதுக்குப் போய் காசைக் கொடுத்து வெயில்ல காயணுமா?" நீங்களும் விழுந்து விழுந்து கை தட்டினீர்கள். யார் யார் தட்டியது என்று பார்த்து வைத்திருக்கிறேன்.

முதலில் கணக்கு. அண்ணே, 2023இல் பேஸ்பாலுக்குக் கடிகாரம் வைத்துவிட்டார்கள். ஓடுகிறவர் தொட்டு நிற்கும் இடம்தான் பேஸ்; அதில் ஆள் இல்லையென்றால் பதினைந்து விநாடிக்குள் பிட்சர், அதாவது பந்து வீசுகிறவர், வீச ஆரம்பித்தாக வேண்டும். அதற்குப் பிறகு ஒன்பது சுற்று, அதாவது ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டம் சராசரியாக இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. நீங்கள் இன்னும் மூணு மணி நேரம் என்று சொல்கிறீர்கள் என்றால், கடைசியாக முழித்திருந்து பார்த்த ஆட்டம் 2023க்கு முந்தியது என்று அர்த்தம். சோபா சுகம் அப்படி!

சரி, இருபது நிமிடம். இருக்கட்டும், மறுக்கவில்லை. அண்ணே, உங்கள் கல்யாணத்தில் தாலி கட்ட எவ்வளவு நேரம் ஆனது? மூன்று முடிச்சு. அதிலும் மூன்றாவது முடிச்சு உங்கள் அக்கா போட்டது. மொத்தம் அரை நிமிடம். அதற்காக முந்தின நாள் சாயங்காலமே மண்டபத்தில் போய் இறங்கினீர்களே, எதற்கு? மாப்பிள்ளை அழைப்பு எதற்கு, பந்தியில் இரண்டாவது பாயசம் எதற்கு, வாசலில் உட்கார்ந்து சித்தப்பாக்கள் பேசிய ஊர்க்கதை எதற்கு? "அரை நிமிஷ வீடியோ அனுப்பி வைக்கிறேன், அவரவர் வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பத்திரிகையில் போட்டிருந்தால் மொய் வந்திருக்குமா? பேஸ்பாலிலும் அந்த இருபது நிமிடம் தாலி. மீதி நேரம்தான் கல்யாணம்.

அந்த இருபது நிமிடத்தையாவது டிவி ஒழுங்காகக் காட்டுகிறதா? பிட்சரின் முதுகு, மட்டை பிடித்தவர், அவருக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர், அம்பயர். முக்கால்வாசி நேரம் இந்த நாலு பேர்தான். மீதி ஏழு ஃபீல்டர்கள் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு யார் கை காட்டுகிறார்கள், எதுவும் தெரியாது. மூன்றாவது பேஸில் ஒருவர் நிற்கிறார், பந்து உயரமாகப் பறக்கிறது என்று வையுங்கள். மைதானத்தில் இருந்தால் எல்லாம் ஒரே பார்வையில் கிடைக்கும். பந்தைப் பிடிக்க ஓடுகிறவர், பேஸை ஒரு காலால் தொட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தபடி நிற்கிறவர், கைக்குள் பந்து விழுந்த நொடியில் இவர் ஓட்டம், அங்கிருந்து வரும் எறி. எதை முதலில் பார்ப்பது என்று நமக்கே தவிப்பாக இருக்கும். டிவியில் அந்தத் தவிப்பையும் டைரக்டரே பட்டுவிடுகிறார்.

சத்தத்தைக் கேளுங்கள். நம்ம சிகாகோ கப்ஸ் அணி ஆடும் ரிக்லி ஃபீல்டு மைதானத்தில், மட்டை பிடிப்பவரிடமிருந்து நடுச் சுவர் 400 அடி தள்ளி இருக்கிறது. அதற்குப் பின்னால் உட்கார்ந்தால், மட்டை சுழல்வது கண்ணுக்கு முதலில் வரும், 'டக்' என்று மரச்சத்தம் அப்புறம்தான் வரும். மூன்றில் ஒரு விநாடிதான் இடைவெளி. ஆனால் அந்த இடைவெளியில்தான் முன் வரிசைக்காரர்கள் எல்லாரும் மூச்சை இழுப்பார்கள். உங்கள் வீட்டு ஸ்பீக்கர் எத்தனை ஆயிரம் டாலர் அண்ணே? இது வருமா?

எதிரணித் தங்கை இன்னொரு குண்டு போட்டார். ஏழாவது இன்னிங்ஸ் நடுவில் எல்லாரும் எழுந்து நின்று பாடுகிறார்களே, 1908இல் வந்த 'டேக் மீ அவுட் டு த பால் கேம்' பாட்டு, அதை எழுதியவரே அதுவரை ஒரு பெரிய ஆட்டத்தையும் நேரில் பார்த்ததில்லையாம். சரிதான் தங்கை. பார்க்காத மனுஷன், பார்க்கக் கூட்டிப் போங்கள் என்று கேட்டு எழுதினார். அதை நூறு வருஷத்துக்கு மேலாக ஊரே பாடுகிறது. சோபாவைப் பற்றி எவனாவது பாடினானா?

டிக்கெட் விலை, சாப்பாட்டு விலை பற்றியும் பேசினார்கள். அது நியாயம்தான். அதனால் அதை விட்டுவிட்டு என் மாமியாருக்கு வருகிறேன்.

2016 கோடையில் அத்தை பெரியகுளத்தில் இருந்து வந்திருந்தார். வீட்டிலேயே இருந்தால் என் சமையலைப் பற்றிப் பேச்சு வரும் என்பதால், ஒரு நாள் மத்தியானம் கிளப்பி, ரெட் லைன் ரயிலில் ஏற்றி, அடிசன் நிறுத்தத்தில் இறங்கி ரிக்லி ஃபீல்டுக்குக் கூட்டிப் போனேன். 1914இல் திறந்த மைதானம். 1988 வரை அங்கே விளக்கே கிடையாது, எல்லா ஆட்டமும் பகலில்தான். அந்தப் பழக்கத்தில் இன்றும் வேலை நாள் மத்தியானத்தில் ஆட்டம் நடக்கும். அன்றைக்கு மட்டும் சிகாகோவில் பாதிப் பேருக்குப் பல்வலி வரும். என் ஆபீஸிலும் எனக்குப் பல்வலி என்றுதான் சொல்லியிருந்தேன்.

பிளீச்சர்ஸ் என்று சொல்லும், வெயிலும் காற்றும் நேராக அடிக்கும் பலகை இருக்கைகள். எதிரே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், நம்ம கப்ஸ் அணிக்குப் பரம்பரைப் பகை. அவர்கள் நிறம் சிவப்பு. நம்ம ஆட்கள் எல்லாரும் நீலம். அந்த நீலக் கடலுக்கு நடுவே என் மாமியார், நல்ல அரக்குச் சிவப்புச் சேலையில், தலையில் கனகாம்பரம் வைக்காத குறையாக உட்கார்ந்திருக்கிறார். சுற்றியிருந்தவர்கள் பார்த்த பார்வையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அத்தைக்கு முதல் மூன்று இன்னிங்ஸ் நன்றாகப் போனது. கடலையை உடைத்துத் தோலைக் காலடியிலேயே போடலாம் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஏம்மா, கூட்டச் சொல்ல மாட்டாங்களே?" என்று இரண்டு தடவை உறுதி செய்துகொண்டார். ஸ்கோர்போர்டுக்கு உள்ளே ஆள் உட்கார்ந்து எண் தகடுகளைக் கையால் மாற்றுகிறார் என்று காட்டினேன். 1937இல் வைத்த போர்டு. "பாவம், உள்ள வேகுமே, அவருக்கு யாராவது மோர் குடுத்தாங்களா?" என்றார்.

அப்புறம் நடந்ததுதான் கதை. கார்டினல்ஸ் ஆள் ஒருவர் ஓங்கி ஒன்று அடித்தார். ஹோம் ரன், நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. பந்து வருகிறது, வருகிறது, வந்துகொண்டே இருக்கிறது. எங்களுக்கு முன்னால் இருந்த பலகையில் பட்டு எழும்பி, மூன்று பேர் கைக்குத் தப்பி, உருண்டு, கடலைத் தோலுக்குள் புகுந்து, அத்தையின் செருப்பில் இடித்து நின்றது. அத்தை குனிந்து எடுத்தார். துடைத்தார். முந்தானைக்குள் வைத்தார்.

ரிக்லியில் ஒரு சம்பிரதாயம் உண்டு. எதிரணி அடித்த ஹோம் ரன் பந்து கைக்கு வந்தால் வைத்துக்கொள்ளக் கூடாது. "எங்களுக்கு வேண்டாம் போ" என்று மைதானத்துக்குள்ளேயே திருப்பி வீச வேண்டும். மொத்தப் பிளீச்சர்ஸும் எழுந்து அத்தையைப் பார்த்துக் கத்துகிறது, "த்ரோ இட் பேக்! த்ரோ இட் பேக்!" சிவப்புச் சேலை வேறு. அத்தை என் காதில் கேட்கிறார்: "ஏம்மா, நான் என்ன திருடவா செஞ்சேன்? கால்ல வந்து விழுந்ததை எடுத்தேன். இதுக்கு எதுக்கு இத்தனை பேரு வையுறாங்க?"

நான் விளக்கினேன். திருப்பிப் போட்டுவிடுங்கள் அத்தை, அதுதான் இங்கே வழக்கம் என்றேன். அந்த நேரம் பார்த்து, அத்தை பந்தை ஆசையாகத் தடவுவதைப் பார்த்த பக்கத்து இருக்கைப் பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பந்துத் தையலைக் காட்டி ஒரு தகவல் சொன்னார். சிவப்பு நூலில் கையால் போட்ட இரட்டைத் தையல், மொத்தம் 108. அதையும் நான் தமிழில் சொல்லித் தொலைத்தேன்.

முடிந்தது. "நூத்தெட்டா? நூத்தெட்டு தையல் போட்டு, தேடி வந்து என் கால்ல விழுந்திருக்கு. இதையா தூக்கி எறியச் சொல்ற?" கூட்டம் கத்துகிறது. அத்தை அசையவில்லை. காவலர் ஒருவர் படியேறி வருகிறார், எங்களுக்காகத்தானா என்று தெரியவில்லை, எனக்கு உண்மையாகவே பல் வலிக்க ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பாட்டி சிரித்தார். தன் பையில் கையை விட்டுப் பழைய அழுக்குப் பந்து ஒன்றை எடுத்து, யாருக்கும் தெரியாமல் அத்தை கையில் திணித்தார். பிளீச்சர்ஸில் ஊறியவர்கள் இதற்கென்றே ஒரு பந்து வைத்திருப்பார்களாம்! அத்தைக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. பாஷையே தேவைப்படவில்லை. இடுப்பில் முந்தானையைச் செருகினார். மாந்தோப்பில் கல்லெறிந்து பழகிய கை. வீசினார். பந்து கொடி படர்ந்த சுவரைத் தாண்டிப் புல்லில் போய் விழுந்தது. எழுந்தது பாருங்கள் ஒரு ஆரவாரம்! அத்தை நாலு பக்கமும் திரும்பிக் கும்பிட்டார்.

அன்று ராத்திரி ஊருக்குப் போன். முதல் போனில் பந்து உருண்டு வந்தது. அடுத்த போனில் எகிறிப் பிடித்தார். அந்த வாரக் கடைசியில் பேசும்போது ஒற்றைக் கையால் பிடித்தார், அடித்தவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான். நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. ஆயுத பூஜைக்குக் கார் சாவி, லேப்டாப், அரிவாள்மனை வரிசையில் பந்துக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். சொல்லுங்கள் அண்ணே, உங்கள் டிவிக்குள்ளிருந்து இதுவரை ஒரு கடலைத் தோலாவது வெளியே வந்து விழுந்திருக்கிறதா?

ஒன்றை விட்டுவிட்டேன். அன்று அந்தப் பாட்டி இன்னொன்றும் சொன்னார். கப்ஸ் கடைசியாக 'வேர்ல்ட் சீரிஸ்' என்ற இறுதித் தொடரில் கோப்பை வென்றது 1908இல். அத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "இது பதினாறு. அப்ப நூத்தெட்டு வருஷம் ஆச்சு. கவலைப்படாதீங்க, இந்தத் தடவை ஜெயிச்சிடும்." நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் பாட்டி அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார், ஆட்டம் முடியும்வரை விடவில்லை. அவருடைய அப்பா, அம்மா, வீட்டுக்காரர் எல்லாரும் அந்த மைதானத்துக்கு வந்தவர்கள். ஒருவரும் அந்தக் கோப்பையைப் பார்க்கவில்லை.

நவம்பர் 2. அந்த இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், நடுவில் பதினேழு நிமிடம் மழை, 8க்கு 7. கப்ஸ் வென்றது. அண்ணன் கையைத் தூக்குகிறார். தெரியும் அண்ணே. அந்த ஆட்டம் நடந்தது கிளீவ்லாந்தில். நாங்களும் டிவியில்தான் பார்த்தோம். ஆனால் பார்த்து முடித்த சிகாகோ எங்கே ஓடியது? அவரவர் சோபாவைக் கட்டிப்பிடித்து அழுததா? ஆட்டமே நடக்காத, பூட்டிக் கிடந்த ரிக்லி ஃபீல்டுக்கு ஓடியது.

அடுத்த நாட்களில் அந்த மைதானத்தின் செங்கல் சுவர் முழுக்கச் சாக்பீஸில் எழுத்து. அப்பா பெயர், தாத்தா பெயர், இந்த நாளைப் பார்க்காமல் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர்கள். கீழே இடம் நிறைந்துபோய், பிள்ளைகளைத் தோளில் ஏற்றி மேலே எழுத வைத்தார்கள். அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆமாம், இந்தத் தடவை அவர்தான் என்னைக் கூட்டிப் போனார். யாரிடமோ ஒரு சாக்பீஸ் வாங்கி, சுவரில் இடம் தேடி, மாமாவின் பெயரைத் தமிழில் எழுதினார். மாமா பேஸ்பால் மட்டையைக் கையால் தொட்டதில்லை. பெரியகுளத்தைத் தாண்டி மதுரைக்குப் போனாலே ராத்திரி வீடு திரும்பிவிடுகிற மனுஷன். "அத்தை, மாமாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். "ஊர்ல எல்லாரும் அவங்கவங்க வீட்டு ஆளை எழுதுறாங்க. நம்ம வீட்டு ஆளை மட்டும் விட்டுட்டுப் போகச் சொல்றியா?" என்றார். பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், அது என்ன எழுத்து என்று கூடக் கேட்காமல், கை எட்டாத 'மா'வுக்குத் துணைக்கால் போட அத்தைக்குத் தன் தோளைக் கொடுத்தார்.

தம்பி மணி அடித்துவிட்டார். நடுவர் அவர்களே, என்னிடம் வேறு வாதம் இல்லை, இருந்ததும் அந்தக் கைப்பைக்குள் இருக்கிறது. பனி விட்டு சீசன் தொடங்கட்டும், பிளீச்சர்ஸில் உங்களுக்கும் அம்மாவுக்கும் இரண்டு டிக்கெட் என் செலவு. இதை லஞ்சம் என்று எதிரணி சொல்லும். சொல்லட்டும், வேண்டுமானால் அண்ணனுக்கும் ஒன்று எடுத்துவிடுகிறேன். சிவப்புச் சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். நன்றி, வணக்கம்!