பயணிகளின் காலடியில் இருக்கும் பெட்டி: ஏ330 விமானம் பற்றிய ஓர் உரை

சபையோர்க்கு வணக்கம்.

மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ் பிடித்துக் கட்டுநாயக்க போய், அங்கிருந்து வெளிநாடு போகிறவர்களில் ஒரு பகுதியினர் ஏறுவது எயர்பஸ் நிறுவனத்தின் ஏ330இல். உள்ளே நுழைந்தால் இரண்டு, நான்கு, இரண்டு என்று வரிசைக்கு எட்டு இருக்கைகள், இடையில் இரண்டு நடைவழிகள். ஆட்களை நிறைய ஏற்றத்தான் இந்த அகலம் என்று யாருக்கும் தோன்றும். உண்மையில் அளவைத் தீர்த்துவைத்தது காலுக்குக் கீழே கிடக்கும் ஓர் அலுமினியச் சரக்குப் பெட்டி.

எல்டி3 என்பது அதன் பெயர். உயரம் 1.63 மீற்றர், மேற்பக்க அகலம் ஏறத்தாழ 2 மீற்றர். வட்டமான வயிற்றுக்குள் பொருந்துவதற்காக ஒரு கீழ்மூலையைச் சரிவாக வெட்டியிருப்பார்கள். சரக்கோடு சேர்த்து 1,588 கிலோ வரை போகலாம். எயர்பஸ்ஸின் முதல் விமானமான ஏ300ஐ வரைந்தபோது, இந்தப் பெட்டிகள் இரண்டு பக்கத்தில் பக்கமாக நிற்க வேண்டும் என்பதற்காகவே பயணிகள் தளத்தைச் சற்று உயர்த்தினார்கள். உடலின் அகலம் 5.64 மீற்றர். 1972 ஒக்டோபரில் ஏ300 பறந்தது. இருபது ஆண்டு கழித்து, 1992 நவம்பரில் பறந்த ஏ330க்கும் அதே குறுக்களவுதான்.

போயிங் 767இன் அகலம் 5.03 மீற்றர். வித்தியாசம் 61 சென்ரிமீற்றர், நம் முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் இருக்கும் நீளத்தை விடக் கூட. அவ்வளவுக்கே அதன் வயிற்றில் எல்டி3 இரண்டு பக்கத்தில் பக்கமாக நிற்காது. அதற்கென எல்டி2 என்ற சிறிய பெட்டி வேண்டியிருந்தது. வேறு விமானத்தில் வந்த எல்டி3ஐ மாற்றி ஏற்றினால் ஒற்றை வரிசைதான், மிச்ச இடம் வீண். ஐஸில் வைத்த மீனும் மரக்கறியும் பயணிகள் விமானத்தின் வயிற்றில் போகிற நம்மைப் போன்ற நாட்டுக்கு இது சின்ன விசயமல்ல.

ஏ330ஐயும் நான்கு எஞ்சின் ஏ340ஐயும் 1987இல் ஒன்றாகவே தொடங்கினார்கள். இறக்கையின் அடிப்படை வடிவமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. இரண்டு எஞ்சினோடு கடல் தாண்ட அந்நாளில் தயக்கம் இருந்தது. எஞ்சின்களின் நம்பகம் கூடக் கூட, இரண்டு எஞ்சின் விமானங்களைக் கட்டுப்படுத்திய விதி தளர்ந்தது. ஏ340 377 விமானங்களோடு நின்றுபோனது. ஏ330 1,500ஐத் தாண்டிவிட்டது.

இனி, தவறு எப்படி நடக்கிறது என்பதற்கு ஒன்று. 2001 ஓகஸ்ட் 24, ரொறன்ரோவிலிருந்து லிஸ்பன் போன எயர் ட்ரான்சாட் ஏ330. வலது எஞ்சினுக்குப் பதிலாகப் பழைய வகை எஞ்சின் ஒன்றை மாட்டியபோது, அதோடு பொருந்தாத ஹைட்ரோலிக் பாகங்கள், அதாவது திரவ அழுத்தத்தால் விமானத்தின் பாகங்களை அசைக்கும் அமைப்பின் பாகங்கள், பூட்டப்பட்டன. ஹைட்ரோலிக் குழாய்க்கும் எரிபொருள் குழாய்க்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லை. உரசி உரசி எரிபொருள் குழாய் பிளந்தது. விமானிகளுக்கு முதலில் தெரிந்தது எஞ்சின் எண்ணெயின் வெப்பம் குறைந்து அழுத்தம் கூடியது. பிறகு இரு பக்க எரிபொருள் தாங்கிகளும் சமமில்லாமல் போயின. ஒழுக்கை உறுதிப்படுத்தாமல், இரு பக்க எரிபொருளையும் இணைக்கும் குறுக்கு வால்வைத் திறந்தார்கள். இடப்பக்க எரிபொருளும் வலப்பக்க ஓட்டையால் கடலுக்குப் போனது. பிழையின் மையம் இதுதான்: சமமின்மையைக் கண்டால் சமப்படுத்த முன், எரிபொருள் எங்கே போகிறது என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

எஞ்சின் இரண்டும் நின்றன. இறக்கைக்குக் கீழே ஒரு சிறிய காற்றாலை தானாக இறங்கிச் சுழன்று, ஒரு ஹைட்ரோலிக் அமைப்புக்கு மட்டும் உயிர் கொடுத்தது. 19 நிமிடம், ஏறத்தாழ 120 கிலோமீற்றர் வழுக்கிப் போய் அத்திலாந்திக் கடலின் அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் இறங்கியது. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு நேர்கோட்டில் இவ்வளவு தூரம் வராது. வேகத்தைக் குறைக்க உதவும் இறக்கையின் பின் மடல்களை விரிக்க முடியாததால் வேகமாகத் தரை தொட்டது, டயர்கள் வெடித்தன. 306 பேரும் பிழைத்தார்கள்.

இங்கே எல்லாரும் கேட்கிற கேள்விக்கும் வருகிறேன்: நம் மட்டக்களப்பு விமான நிலையத்தில் இது இறங்குமா? ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவுதான். முழுப் பாரத்தோடு மேலெழ ஏ330க்கு இரண்டரைக் கிலோமீற்றருக்கு மேல் வேண்டும். கச்சான் காற்று அனலாக வீசும் மாதங்களில் இன்னும் கூட வேண்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது, எஞ்சினின் உந்தலும் இறக்கையின் தூக்கலும் இரண்டுமே குறையும். நீளத்தை நீட்டலாம் என்பார்கள். ஆனால் ஏ330இன் முழுப் பாரமான 242 தொன்னில் பெரும்பங்கைத் தாங்குவது எட்டுப் பிரதான சக்கரங்கள். ஒன்றுக்கு ஏறத்தாழ 28 தொன். நீட்டுவதற்கு முன்னால், வாவியோரத்து மண்ணின் மேல் கிடக்கும் அந்த ஓடுபாதைத் தளத்தின் தடிப்பை அளக்க வேண்டும்.