ராத்திரி எழுதும் மூன்று வரி

[காட்சி: மேசை விளக்கு வெளிச்சத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு]

இந்த நோட்டின் முதல் பக்கத்தைப் பாருங்கள். "குடும்பம், ஆரோக்கியம், வேலை." மறுநாளும் அதேதான். நான்காம் நாளும் அதேதான். ஐந்தாம் நாள் பக்கம் காலி.

தினமும் நன்றிக் குறிப்பு எழுதினால் மனசு லேசாகும் என்று கேள்விப்பட்டு நான் ஆரம்பித்த முதல் வாரம் இது. உங்களில் பலரும் இப்படி ஆரம்பித்து, இதே இடத்தில் விட்டிருப்பீர்கள். எங்கே தவறுகிறது என்று பார்ப்போம்.

அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனும் அவருடைய குழுவினரும் 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களில் ஒரு பிரிவினருக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு வாரம், தினமும் ராத்திரி, அன்று நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களை எழுத வேண்டும். ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்றும் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் அவர்களிடம் மகிழ்ச்சி கூடியிருந்தது. வாரம் முடிந்த பிறகும் தாங்களாகவே தொடர்ந்து எழுதியவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம்.

நம்மில் பலர் இதில் "மூன்று" என்பதைப் பிடித்துக்கொள்கிறோம், "ஏன்" என்பதை விட்டுவிடுகிறோம். என்னைக் கேட்டால், உயிர் அந்த "ஏன்"-இல்தான் இருக்கிறது.

[காட்சி: நோட்டின் இன்னொரு பக்கம்]

இதைப் பாருங்கள். "மழை வருவதற்குள் கீழ் வீட்டு அக்கா மொட்டை மாடியிலிருந்து என் துணிகளை எடுத்து, மடித்து, வாசலில் வைத்திருந்தார். ஏன்? நான் வேலையிலிருந்து திரும்பவில்லை என்பதைக் கவனித்திருக்கிறார்."

அந்த இரண்டாவது வரியை எழுதும்போது தொண்டை அடைத்தது. நான் வீட்டில் இல்லாத நேரத்திலும் என்னை நினைத்துப் பார்க்க ஓர் ஆள் இருக்கிறார். "குடும்பம், ஆரோக்கியம்" என்று எத்தனை நாள் எழுதியிருந்தாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது.

நம் மனசுக்கு ஒரு பழக்கம் உண்டு. பகல் முழுக்கப் பத்து நல்லது நடந்திருந்தாலும், படுத்ததும் மேலதிகாரி சொன்ன ஒரு சுடுசொல்தான் திரும்பத் திரும்ப வரும். நல்லதெல்லாம் சீக்கிரம் பழகிப்போய்விடும். எழுத உட்கார்ந்தால், அப்படிப் பழகிப்போனதை மறுபடி ஒருமுறை நின்று பார்க்கிறோம். உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நரம்பு-தசை நோய் உள்ளவர்கள் 21 நாள் இப்படி எழுதினார்கள். தூக்கம் கூடியது, எழும்போது தெளிவாக இருந்தது என்று அவர்களே சொன்னார்கள்.

சரி, தினமும் எழுதியே ஆக வேண்டுமா? உளவியலாளர் சோனியா லுபோமிர்ஸ்கியின் ஆய்வு ஒன்றில், வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது. வாரம் மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. கடமைக்கு எழுதினால் அதுவும் பல் துலக்குவது போல ஆகிவிடும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் விட்டுப்போன நாளுக்காக வருந்தாதீர்கள். எழுதும் நாளில் ஒன்றே ஒன்றை, கண்ணால் பார்த்தது போல எழுதுங்கள்.

[காட்சி: நோட்டு மூடியிருக்கிறது]

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். துக்கத்தில் இருப்பவரிடம் "இருப்பதற்கு நன்றி சொல்" என்று சொல்லாதீர்கள். அது அவருடைய வலியை வாய்மூடச் சொல்வது. மனச்சோர்வுக்கு இது மருந்தும் அல்ல. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அதில் இதன் பலன் சிறியது என்றே சொல்கிறார்கள். வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அப்புறம், அந்த 2005 ஆய்வில் இன்னொரு பயிற்சியும் இருந்தது. நமக்கு நல்லது செய்தும் நாம் சரியாக நன்றி சொல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுப்பது. உடனடி மகிழ்ச்சியில் அதுதான் முதலில் நின்றது, ஆனால் சில மாதங்களில் கரைந்துவிட்டது. நம் வீடுகளில் முகத்துக்கு நேரே நன்றி சொல்லக் கூச்சம் வேறு. அதனால் நான் கடிதம் எழுதவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார்.

"அன்னைக்கு உன் நீலச் சட்டையில ஒரு பட்டன் இல்ல தம்பி. தைச்சுத்தான் மடிச்சு வச்சேன். நீ பார்க்கலையா?"