பாடத் தெரியாத நடிகை பாடினார், அதுதான் தெம்பு

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணியில் இப்போது பேசிவிட்டு உட்கார்ந்தவர் கொஞ்சம் தண்ணீர் குடிக்கட்டும், நான் அவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறேன். "இரண்டாம் உலகப் போரின்போது ஹாலிவுட் எடுத்த நட்சத்திரக் கூட்டுப் படங்கள் மக்களுக்குத் தந்தது தெம்பா, கம்பெனிக்கு விளம்பரமா" என்று தலைப்பு கொடுத்தீர்கள். அவர் 1943-இல் வார்னர் பிரதர்ஸ் எடுத்த 'தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்' படத்தைப் பிடித்துக்கொண்டு, கதையே கிடையாது, தன்னிடம் சம்பளம் வாங்குகிற நடிகர்களைக் கம்பெனி வரிசையாக நிறுத்திக் காட்டியிருக்கிறது, நகைக்கடை ஷோகேஸ் மாதிரி என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார்.

கதை இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன் ஐயா, அதில் என்ன வெட்கம்? போர் நிதிக்காக இரண்டு பேர் கலைவிழா நடத்தப் பார்க்கிறார்கள், அதற்குப் பாடகி டைனா ஷோர் வேண்டும், அவரோ நகைச்சுவை நடிகர் எடி கேன்டரின் வானொலி நிகழ்ச்சியில் இருக்கிறார், அதனால் கேன்டரும் கூடவே வந்து விழாவுக்கே தலைவராகி எல்லோர் உயிரையும் வாங்குகிறார். அந்த ஊரிலேயே கேன்டரை உரித்து வைத்தாற்போல ஒரு பஸ் ஓட்டுநர். அந்த முகத்தாலேயே அவருக்கு நடிக்க வாய்ப்பு கிடைப்பதில்லை. இரண்டு வேடமும் கேன்டர்தான். அசல் கேன்டரைக் கடத்திவிட்டு நகலை மேடையேற்றுகிறார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்த அசல் கேன்டர் யார்? வானொலியில் நாடே கேட்ட நிஜ எடி கேன்டர், தன் நிஜப் பெயரிலேயே, தற்பெருமை பிடித்த, சகிக்க முடியாத ஒரு மனிதராக வருகிறார். எந்த நகைக்கடைக்காரராவது நெக்லஸை நசுக்கி ஷோகேஸில் வைப்பாரா?

நடிகர் ஹம்ஃப்ரி போகார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் நாயகனாக நடித்த 'காசாபிளாங்கா' படம் வந்து சூடு ஆறவில்லை. இந்தப் படத்தில் அவர் தாடையை இறுக்கிக்கொண்டு ரவுடி மாதிரி வந்து நிற்கிறார். எதிரே எஸ். இசட். சாகல், தொங்கும் கன்னமும் உருண்டை உடம்புமாக ஒரு பெரியவர், 'காசாபிளாங்கா'வில் போகார்ட்டின் விடுதியில் வெயிட்டராக வந்தாரே அவரேதான். அந்த வெயிட்டர் இங்கே போகார்ட்டை ஒரு பிடி பிடிக்கிறார். போகார்ட் வாலைச் சுருட்டிக்கொண்டு, இது என் ரசிகர்கள் காதில் விழாமல் இருக்க வேண்டுமே என்று முனகியபடி நழுவுகிறார். மேலதிகாரி திட்டினால் வாய் திறக்க முடியாத லட்சக்கணக்கான சிப்பாய்கள் அதைப் பார்த்து எப்படிச் சிரித்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

பணத்தைப் பற்றியும் கேட்டார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலை காட்டிய நட்சத்திரங்களுக்கு ஆளுக்கு 50,000 டாலர், அதை அவர்கள் ஹாலிவுட் கேன்டீனுக்குக் கொடுத்துவிட்டார்கள். நடிகை பெட்டி டேவிஸும் நடிகர் ஜான் கார்ஃபீல்டும் முன்நின்று 1942 அக்டோபரில் திறந்த இடம் அது. யூனிஃபார்ம்தான் நுழைவுச் சீட்டு, சாப்பாடு இலவசம், பரிமாறுவதும் தட்டு கழுவுவதும் சினிமாக்காரர்கள். 1945 நவம்பரில் மூடும்வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் வந்து போனார்கள். விளம்பரமும் கிடைத்திருக்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன். அன்னதானம் போட்டவர் வாசலில் தன் பேரை எழுதி வைத்தால் சாப்பிட்டவனுக்கு வயிறு நிறையாதா என்ன?

சரி, பெட்டி டேவிஸுக்கு வருகிறேன். இந்தக் கட்சியில் வந்து உட்கார்ந்ததே அவருக்காகத்தான். இரண்டு ஆஸ்கர் வாங்கிய நடிகை, கண்ணை உருட்டினாலே எதிரே நிற்பவர் பின்வாங்குவார். பாடகி கிடையாது. அவரை ஒரு இரவு விடுதிக்குள் நடக்கவிட்டு, பாடு என்று சொல்லிவிட்டார்கள். குரல் கரகரக்கிறது, பாதிப் பாட்டைப் பேச்சாகவே ஒப்பேற்றுகிறார். பாட்டு எழுதியவர் ஃபிராங்க் லெஸர், இசை ஆர்தர் ஷ்வார்ட்ஸ், ஆஸ்கர் பரிந்துரை வரைக்கும் போன பாட்டு. விஷயம் இதுதான்: உருப்படியான ஆண்கள் எல்லோரும் படைக்குப் போய்விட்டார்கள், ஊரில் மிச்சம் இருப்பது மீசை முளைக்காத பையன்களும் பல் போன தாத்தாக்களும்தான், நான் யாரோடு போய் ஆடுவது?

அது வெறும் சிரிப்புப் பாட்டு என்றார் எதிரணி நண்பர். நடுவர் அவர்களே, கடல் தாண்டிக் கிடக்கிற இருபது வயதுப் பையனுக்கு ராத்திரி தூக்கம் கெடுவது குண்டால் மட்டும்தானா? ஊரில் விட்டுவந்த பெண்ணிடமிருந்து ஒரு நாள் கடிதம் வரும், பிரித்தால், மன்னித்துவிடு, எனக்கு வேறொருவரோடு கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று இருக்கும். அந்த மாதிரிக் கடிதத்துக்கு 'டியர் ஜான்' என்று பெயர் வந்ததே அந்தப் போரில்தான். அந்தப் பயத்தைப் பிரசங்கம் செய்து போக்க முடியுமா? "உன் காதலி உனக்கு உண்மையாக இருப்பாள், கவலைப்படாதே வீரனே" என்று ஒரு தளபதி சொன்னால் பையனுக்கு இன்னும் சந்தேகம்தான் வரும். இங்கே ஒரு பெண் வந்து, நீ ஆஸ்திரேலியாவில் இரு, அலூஷியன் தீவுகளில் இரு, ரஷ்யாவில் இரு, எகிப்துக்கு மேலே பறந்துகொண்டிரு, எனக்கு இங்கே ஏமாற்றுவதற்கே ஆள் இல்லையப்பா என்று அலுத்துக்கொள்கிறாள். கற்பு, தியாகம் என்று ஒரு வார்த்தை கிடையாது. அப்புறம் ஒரு பையன் வந்து டேவிஸை இழுத்துக்கொண்டு ஜிட்டர்பக் என்ற துள்ளாட்டம் ஆடுகிறான், பம்பரம் மாதிரிச் சுழற்றுகிறான், கம்பீரமெல்லாம் காற்றில் போகிறது. என்னைக் கேட்டால் அந்தப் படத்திலேயே அழகான இடம் அதுதான். கல்யாண வீட்டில் பெண்ணுடைய கண்டிப்பான அத்தை திடீரென்று மைக்கைப் பிடித்துப் பாடினால் பந்தலே நெருக்கமாகிவிடும் இல்லையா, அப்படி.

ஒரு குறையை மறைக்க மாட்டேன். கறுப்பினக் கலைஞர்களுக்கு இந்தப் படத்தில் தனிப் பாட்டு, தனித் தெரு. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் ஹாட்டி மெக்டேனியல் அந்தத் தெருவோடு நிற்கிறார். கேன்டீனில் கறுப்பினச் சிப்பாயும் வெள்ளைச் சிப்பாயும் ஒரே கூடத்தில் சாப்பிட்டு ஆடினார்கள். அதற்காக டேவிஸும் கார்ஃபீல்டும் பிடிவாதமாக நின்றார்கள். அந்தத் துணிச்சல் படத்துக்கு வரவில்லை. எதிரணி இதைச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன், ஷோகேஸிலேயே நின்றுவிட்டார்கள்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரே ஒரு ஆள் பாக்கி. நடிகர் எரால் ஃபிளின். 1942-இல் அமெரிக்கக் குடிமகனானார், படையில் சேரப் போனார், உடல் தகுதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கம்பெனி அதை வெளியில் விடவில்லை. திரையில் எதிரிகளைச் சாய்க்கிறவன் ஏன் நிஜப் போருக்குப் போகவில்லை என்று ஊர் கேட்டது. அப்படிப்பட்டவர் இந்தப் படத்தில் லண்டன் மதுக்கடையில் ஒரு மாலுமியாக வந்து, நான்தான் போரையே ஜெயித்தேன் என்று பாட்டாகவே அளந்து விடுகிறார். கேட்கிறவர்கள் ஒரு வார்த்தையையும் நம்பவில்லை, கடைசியில் தூக்கி வெளியே எறிகிறார்கள். இதே ஃபிளின் 1945-இல் 'அப்ஜெக்டிவ் பர்மா' என்ற படத்தில் சிரிக்காமல் வீரம் காட்டினார். பர்மாவில் ரத்தம் சிந்தியவர்களில் பெரும்பாலோர் பிரிட்டிஷ், இந்திய, ஆப்பிரிக்கப் படையினர், நம் மெட்ராஸ் ரெஜிமென்ட் ஆட்களும் அதில் உண்டு. படமோ அமெரிக்கர்கள் தனியாகச் சாதித்ததுபோல் இருந்ததால் பிரிட்டனில் ஒரே கொந்தளிப்பு, ஒரு வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். வீரப் படத்துக்குத் திட்டு வாங்கியவருக்கு, உதை வாங்குகிற பாட்டில் கைதட்டல். எதிரணியில் அடுத்து வருபவர் இதற்கு ஒரு பதில் வைத்திருப்பார், நான் உட்கார்ந்து கேட்கிறேன். நன்றி.